வீட்டு வேலை எங்கே முடிகிறது?

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் மார்த்தாள், மரியாள் சம்பவம் ஐந்தே வசனங்கள்தான், 38 முதல் 42 வரை. இயேசு வீட்டுக்கு வந்தபோது மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்கிறாள், மார்த்தாள் பற்பல வேலைகளில் ஓடிவிட்டு அவளைப் பற்றி முறையிடுகிறாள். அதை வைத்துப் பிரசங்கம் செய்தால் பெரும்பாலும் "அடுப்படியை விட்டுவிட்டு ஆண்டவர் பாதத்துக்கு வா" என்றுதான் முடிப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற சகோதரிக்குப் பாரம் இரண்டாகிவிடுகிறது. பாத்திரமும் கழுவ வேண்டும், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறோமே என்ற குற்ற உணர்வையும் சுமக்க வேண்டும்.

வசனத்தை நிதானமாக வாசித்தால், சமையலை விடு என்று இயேசு சொல்லவே இல்லை. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் சொன்னார். 40-ஆம் வசனத்தில் "மிகவும் வருத்தமடைந்து" என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில், கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு நாலாபக்கமும் இழுபடுவது என்று பொருள். கை ஒரு வேலையில் இருக்கிறது, மனம் அடுத்த நாலு வேலையில் இருக்கிறது. அந்த நிலையில் மார்த்தாள் கேட்ட கேள்வி, "உமக்குக் கவையில்லையா?" (அக்கறையில்லையா?). புயலில் படகு அமிழ்ந்துபோகிற நேரத்தில் சீஷர்கள் இயேசுவை எழுப்பிக் கேட்ட கேள்வியும் (மாற்கு 4:38) மூலமொழியில் இதே சொற்களில்தான் தொடங்குகிறது. அங்கே உயிர் போகிற பயம். இங்கே வேலை முடியவில்லையே என்ற தவிப்பு. மனதுக்குள் இரண்டும் ஒரே கனம் ஆகிவிட்டன. வீட்டில் குறையே தெரியக்கூடாது என்று துடிப்பவர்களுக்கு இந்தக் கனம் நன்றாகத் தெரியும்.

இதோடு யோவான் 12:2-ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். அந்தச் சகோதரிகளின் ஊரான பெத்தானியா, அதே இயேசு, மறுபடியும் ஒரு விருந்து. "மார்த்தாள் பணிவிடை செய்தாள்" என்று எழுதியிருக்கிறது. அவள் வேலையை விட்டுவிடவில்லை. ஆனால் இந்தமுறை முறையீடு இல்லை, தங்கையோடு ஒப்பிடுதல் இல்லை, கடிந்துகொள்ளுதலும் இல்லை. நடுவில், இறந்து இயேசுவால் உயிரோடு எழுப்பப்பட்ட அவள் சகோதரன் லாசருவின் கல்லறை இருக்கிறது. அந்த வழியில்தான் "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அவள் அறிக்கையிட்டாள். இரண்டு விருந்துக்கும் இடையில் அவள் மனதில் என்ன நடந்தது என்று வேதம் விளக்கவில்லை. ஆனால் அதே கை அதே வேலையை அமைதியாகச் செய்ய முடியும் என்பதை அந்த ஒரு வரி காட்டுகிறது. இந்தப் பதிவில் எழுதுவதெல்லாம் அந்த வரியை நம் வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். சுத்தம் வேறு, குறையின்மைப் பிடிவாதம் வேறு. சுத்தமாக வேலை செய்பவருக்கு வேலை முடிகிற இடம் ஒன்று உண்டு. மேடையைத் துடைத்தார், துணியைப் பிழிந்து காயப்போட்டார், விளக்கை அணைத்தார். பிடிவாதக்காரருக்கு அந்த இடம் நகர்ந்துகொண்டே போகும். மேடையைத் துடைத்ததும் அடுப்பு அழுக்காகத் தெரியும், அடுப்பைத் துடைத்ததும் பின்சுவர் தெரியும், சுவரைத் துடைத்ததும் அலமாரிக் கைப்பிடி தெரியும். உயர்ந்த தரம் வைத்திருப்பதில் தவறு இல்லை. நிற்கிற தரமாக இல்லாமல் ஓடுகிற தரமாக இருப்பதுதான் கோளாறு.

"பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதா பூரண சற்குணராயிருக்கிறதுபோல, நீங்களும் பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்" என்ற வசனத்தை (மத்தேயு 5:48) இதற்கு ஆதாரமாக எடுப்பவர்கள் உண்டு. அதற்கு முந்தைய ஐந்து வசனங்களைப் பாருங்கள். சத்துருவைச் சிநேகிப்பது, தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கச் செய்கிற பிதாவின் அன்பு, இதுதான் பேச்சு. அலமாரி அடுக்குகிற பேச்சே அங்கு இல்லை. துண்டை இப்படியா மடிப்பது என்று பிள்ளையிடம் எரிந்து விழுந்துவிட்டு இந்த வசனத்தைத் துணைக்கு அழைத்தால், வசனம் நமக்கு எதிராகத்தான் நிற்கும்.

"குணசாலியான ஸ்திரீ"யைப் பாடுகிற நீதிமொழிகள் 31-ஐயும் அப்படித்தான் நம் தோளில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். 10 முதல் 31 வரை உள்ள அந்த 22 வசனங்கள் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களில் வரிசையாகத் தொடங்குகிற ஒரு கவிதை. ஒரு முழு வாழ்க்கையைப் பார்த்துப் பாடிய பாட்டு அது. ஒரு திங்கட்கிழமையின் வேலைப் பட்டியல் இல்லை. 15-ஆம் வசனத்தில் அவளுக்கு வேலைக்காரிகள் இருந்ததும் எழுதியிருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. என்னை மிகவும் ஆறுதல்படுத்துவது வேறொரு இடம். "குணசாலியான ஸ்திரீ" என்பதற்கு அங்கே உள்ள அதே எபிரெயச் சொற்றொடரை ரூத் 3:11-இல் நிலக்காரரான போவாஸ் ரூத்தைப் பார்த்துச் சொல்கிறார்: "நீ குணசாலி என்பதை என் ஜனமாகிய ஊராரெல்லாரும் அறிவார்கள்." அந்த நேரத்தில் ரூத்துக்குச் சொந்த வீடு கிடையாது, பிள்ளை கிடையாது. அடுத்தவர் வயலில் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்த விதவை அவள். வீட்டின் பளபளப்பைப் பார்த்துக் கொடுத்த பட்டமாக அது இருந்திருக்க முடியாது.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன்பே "போதும்" என்பது எது என்று எழுதிவையுங்கள். ஒரு தாள் எடுத்து, ஒவ்வொரு அறைக்கும் இரண்டு அல்லது மூன்று வரி. அந்த வரியைப் பார்த்தால் ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடிய வேண்டும். சமையலறைக்கு இப்படி இருக்கலாம்: மீந்த உணவு குளிர்சாதனப் பெட்டிக்குள் போயிற்று, பாத்திரம் கழுவியாயிற்று, ஒட்டிப்பிடித்தது மட்டும் ஊறுகிறது, உணவுக் கழிவு வெளியே போயிற்று. குளியலறைக்கு: தரையில் வழுக்கல் இல்லை, கழிப்பறைப் பீங்கான் சுத்தம், கை துடைக்கிற துண்டு உலர்ந்தது. கூடத்துக்கு ஒரே வரி போதும்: இருட்டில் நடந்தாலும் காலில் எதுவும் இடறாது.

இதில் மூன்று தவறு சாதாரணமாக நடக்கும். "சுத்தமாக", "அழகாக", "ஒழுங்காக" என்று எழுதுவது முதலாவது. இவற்றுக்கு அளவு கிடையாது, அதனால் கோடு மறுபடியும் ஓட ஆரம்பிக்கும். இரண்டாவது, உடம்பில் தெம்பும் மனதில் உற்சாகமும் இருக்கிற நாளில் உட்கார்ந்து எழுதுவது. அந்தத் தாள் ஒரு வாரம்கூடத் தாங்காது. களைத்துப்போன நாளிலோ வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கிற நாளிலோ எழுதுங்கள். அன்றைக்கு எது நிஜமாகவே தேவை என்று தானாகத் தெரியும். மூன்றாவது, பட்டியலில் வரி கூடிக்கொண்டே போவது. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் தளர்த்திவிடலாம் என்று சொல்ல வரவில்லை. சில விஷயங்களில் தளர்வே கூடாது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வெப்பம் 32 டிகிரிக்கு மேல் என்றால் 1 மணி நேரம்தான். பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருக்கும், கிருமி பெருகும். அகலமான, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பச்சை இறைச்சி வெட்டிய பலகையைச் சோப்பும் சுடுநீரும் போட்டுக் கழுவாமல் அதில் வேறொன்றை வெட்டக் கூடாது. பாத்திரம் துடைக்கிற ஈரத்துணியைத் தினமும் மாற்ற வேண்டும். மருந்து, பிளீச், அமிலம் எல்லாம் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி இருக்க வேண்டும். இவையெல்லாம் வீட்டிலிருப்பவர்களின் உடம்பைக் காக்கிறவை, அதனால் அன்போடு சேர்ந்தவை. இஸ்திரி போடுவது, உள்ளாடையை மடிப்பது, புட்டிகளை ஒரே உயரமாக நிறுத்துவது, ஜன்னல் கண்ணாடியில் விரல் தடம் இவையெல்லாம் கண்ணுக்கானவை. நேரமிருந்தால் செய்யலாம். இல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

அளவுக்கு மீறிய சுத்தம் கெடுதல் செய்கிற இடங்களும் உண்டு. துணி இன்னும் வெளுக்கட்டும் என்று சோப்புத் தூளை அளவுக்கு மேல் போட்டால், அலசியும் போகாமல் நூலில் தங்கிவிடும். துண்டு விறைத்துப்போகும், வியர்வையும் அழுக்கும் அதில் எளிதாக ஒட்டும், வாடை வரும். உடனே இன்னும் கொஞ்சம் தூள் போடத் தோன்றும். அளவைக் குறைத்து ஒருமுறை கூடுதலாக அலசுவதுதான் வழி. கிருமிநாசினியைத் தெளித்த கையோடு துடைத்துவிட்டால் அது வேலை செய்யாது. முதலில் அழுக்கை எடுத்துவிட்டு, பிறகு கிருமிநாசினி போட்டு, புட்டியில் எழுதியிருக்கிற நிமிடக் கணக்குக்கு ஈரமாகவே விட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம்: ஒன்றில் போகாத கறை இரண்டைச் சேர்த்தால் போகும் என்று பிளீச்சோடு அமோனியா கலந்த திரவத்தையோ, கழிப்பறை அமிலத்தையோ, வினிகரையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் வாயு, அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் இரண்டுமே மூச்சைப் பாதிக்கும். கழுவிய பாத்திரத்தைத் துணியால் துடைத்து உடனே அடுக்குவதைவிடக் கூடையில் கவிழ்த்துத் தானாக உலரவிடுவதுதான் சுகாதாரம். மேடையில் பாத்திரக் கூடை நிற்பது அசிங்கம் என்று நினைத்து ஒரு வேலையைக் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

அடிப்பிடித்த பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பலபேர் பொறுமையிழக்கிற இடம் அது. 1959-இல் ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் சுத்தம் செய்வதை நாலு பங்காகப் பிரித்தார்: மருந்து (சோப்பு, சோடா போன்றவை), தேய்ப்பு, வெப்பம், நேரம். இந்த நாலும் சேர்ந்து ஒரு முழு வட்டம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுசெய்யலாம். அப்படியென்றால் நேரத்தைக் கூட்டினால் தேய்ப்பைக் குறைக்கலாம். எஃகுப் பாத்திரத்தில் கரி மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, 10 நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு அணைத்துவிடுங்கள். ஆறியபின் மரக்கரண்டியால் ஓரத்தில் நெம்பினால் கரி ஏடாகப் பிரிந்து வரும். முதல்முறை பாதிதான் வந்தது என்றால் இன்னொரு முறை ஊறப்போடுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். அலுமினியத்தில் சோடா வேண்டாம், கறுத்துவிடும். ஒட்டாத பூச்சுள்ள சட்டிக்குச் சோப்பும் சுடுநீரும் மட்டும் போதும். இரும்புச் சட்டியை ஊறவே போடக் கூடாது, துருப்பிடிக்கும்.

அந்தப் பாத்திரம் ஊறுகிற நேரம் இருக்கிறதே, அதைத்தான் வேதத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். வீடு ஒழுங்கான பிறகுதான் தியானம், மேசை காலியான பிறகுதான் ஜெபம் என்று வைத்திருக்கிற வீடுகளில் ஜெபம் நடப்பதே இல்லை. குறையின்மைப் பிடிவாதம் ஜெப நேரத்துக்குள்ளும் நுழைந்துவிடுகிறது: அரைமணி நேரம் முழுதாகக் கிடைக்க வேண்டும், அமைதி வேண்டும், குறிப்பேடு வேண்டும். ஊறுகிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்துவிட்டு, "ஆண்டவரே, இன்றைக்கு முடியாததை உம்முடைய கையில் விடுகிறேன்" என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். தொட்டியில் பாத்திரம் கிடக்கும்போதே அதைச் செய்ய முடிந்தால், அன்றைய விடுதலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

வேலைக்கு நேர எல்லை வைப்பதற்கு, வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் வானத்திலிருந்து கொடுத்த உணவான மன்னாவைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. யாத்திராகமம் 16-இல் ஒரு நாளைக்குத் தலைக்கு ஒரு ஓமர் அளவு, சுமார் 2 லிட்டர். நாளைக்கும் சேர்த்து வைத்துக்கொண்டால் "பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது." வீட்டு வேலையும் அந்த வகைதான். சுவர் கட்டினால் ஒருநாள் முடியும். மன்னா பொறுக்குவது அப்படி ஒருநாளில் முடிந்துவிடாது. நாளைக்கும் தூசி விழும், நாளைக்கும் பசிக்கும். முடிகிற வேலையாக நினைத்துக்கொண்டு முடியாத வேலையைத் துரத்துவதால்தான் இவ்வளவு களைப்பு.

இரவு வேலைக்கு 20 நிமிடம் கடிகாரத்தில் வையுங்கள். முதலில் ஊற வேண்டியதை ஊறப்போடுங்கள், மற்ற வேலை நடக்கும்போதே அது தன் வேலையைச் செய்யும். அடுத்து உணவை எடுத்துவைப்பது, அடுத்து பாத்திரம், மேடை, குப்பை, கடைசியாக நடைவழி. தரை துடைப்பது இந்த 20 நிமிடத்தில் கிடையாது, அது வார வேலை. சிந்தியிருந்தால் சிந்திய இடம் மட்டும். மணி அடித்ததும் கையில் இருக்கிற ஒரு பொருளை மட்டும் வைத்துவிட்டு நிறுத்துங்கள். "இந்த ஒரு மூலை மட்டும்" என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அந்த மூலை 40 நிமிடம் எடுக்கும். நிறுத்தின முதல் சில நாட்கள் மனம் பரபரக்கும், எழுந்து போய்ச் செய்துவிடலாமா என்று கால் துடிக்கும். செய்யாமல் உட்கார்ந்து பழக வேண்டும். பரபரப்பு தானாக இறங்குவதை உடம்பு கற்றுக்கொள்ள அதுதான் வழி; எழுந்து போய்த் துடைத்துவிட்டால் அந்தப் பாடம் நடக்காது.

பிள்ளைகளும் கணவரும் செய்கிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகக் காயம் அங்கேதான். ஏழு வயதுப் பிள்ளை ஒரு துண்டை மடிக்கிறது. மூலைகள் சேரவில்லை, ஒரு பக்கம் நாக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஒரு புடைப்பு. பிள்ளை அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது. நீங்கள் அதை எடுத்து, உதறி, மறுபடி மடிக்கிறீர்கள். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. ஆனாலும் பிள்ளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது: நான் செய்வது கணக்கில் வராது. அடுத்த மாதம் கூப்பிட்டால் வராது. அப்புறம் "நான் தனியே வேலைசெய்யும்படி" என்று மார்த்தாளின் வாக்கியம் நம் வாயில் வரும். தனியே ஆனதற்குப் பாதிக் காரணம் நம்முடைய மறுமடிப்புதான்.

ஒரு வேலையைக் கொடுத்தால் முழுதாகக் கொடுங்கள். எப்போது செய்வது, எந்தக் கையால் செய்வது என்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். என்ன முடிவு வேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள்: "தட்டில் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்." ஆபத்து இல்லையென்றால் திருத்தாதீர்கள். பிசுபிசுப்பு இருந்தால் அந்தத் தட்டை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துக் கழுவச் சொல்லுங்கள். அவர்கள் தூங்கியபின் ரகசியமாக நீங்கள் கழுவிவைக்க வேண்டாம். நீதிமொழிகள் 14:4-இல் "எருதுகளில்லாத இடத்தில் களஞ்சியம் வெறுமையாயிருக்கும்" என்று இருக்கிறது. வெறுமை என்று நாம் வாசிக்கிற அந்த எபிரெயச் சொல்லுக்குச் சுத்தம் என்றும் பொருள் உண்டு. மாடு இல்லாவிட்டால் தொழுவம் சுத்தமாகத்தான் இருக்கும். உதவுகிற கைகள் இருக்கிற வீட்டில் கொஞ்சம் குறையும் இருக்கும்.

விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் மூன்றே விஷயம் பாருங்கள்: உட்கார இடம், சுத்தமான கழிப்பறையும் காய்ந்த துண்டும், குடிக்கத் தண்ணீர். வாசலிலேயே "வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதை நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்டதும் அவர்கள் "இல்லை இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று நம்மைத் தேற்ற வேண்டியதாகிறது. வந்தவர்மேல் நம் பாரத்தை வைக்கிறோம். அவர்கள் வீட்டின் நிலையை நினைத்து அவர்களும் கூசிப்போவார்கள், நம்மைத் திரும்ப அழைக்கத் தயங்குவார்கள். 1 பேதுரு 4:9 கேட்பது "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்" என்பதைத்தான். முறுமுறுப்பில்லாமல் என்ற நிபந்தனைதான் அங்கே எழுதியிருக்கிறது, தூசியில்லாமல் என்று இல்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். கை வெடிக்கும்வரை கழுவுவது, பூட்டையும் அடுப்பையும் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஒரே எண்ணிக்கை வரும்வரை துடைப்பது, ஒரு பாவ எண்ணம் போகும்வரை அதே ஜெபத்தை மறுபடி மறுபடி சொல்வது, இவை தினமும் 1 மணி நேரத்துக்கு மேல் தின்கின்றன அல்லது வாழ்க்கையை முடக்குகின்றன என்றால், அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். குழந்தை பிறந்த முதல் மாதங்களில் இப்படித் தொடங்குவதும் உண்டு. அதற்குச் சிகிச்சை இருக்கிறது, குணமும் கிடைக்கிறது. "விசுவாசம் குறைவு" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். ஜெபமும் மருத்துவரும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

ஓய்வுநாளைப் பற்றி ஒரே ஒரு நடைமுறைக் குறிப்பு. முந்தின நாள் மாலை அந்தத் தாளை எடுத்து, முடியாமல் நிற்கிற வேலைகளைத் தேதியோடு ஒரு மூலையில் எழுதுங்கள்: திங்கள், இஸ்திரி, புதன், அலமாரியின் மேல்தட்டு. எழுதிவைத்த வேலையை மனம் சுமந்துகொண்டே திரிய வேண்டியதில்லை. ஆறாம் நாளில் இரண்டு பங்கு மன்னா சேர்த்ததுபோல, இரண்டு நாள் சமையலில் சேர்த்துச் செய்யக்கூடியதை அன்றே செய்துவிடுங்கள், ஆறவைத்துப் பிரித்து உள்ளே வைத்துவிடுங்கள். பிறகு சங்கீதம் 127:2. "நீங்கள் அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." அதை வாசித்துவிட்டு, பாத்திரம் தொட்டியில் ஊறட்டும், துண்டு நாக்கை நீட்டிக்கொண்டு அலமாரியில் இருக்கட்டும், விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுங்கள்.